பேர் போட்டவருக்குத்தான் காசு

நவம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஏஜெண்டுகளுக்குள் ஒரே கேள்விதான் சுற்றும். "உனக்கு எத்தன மணி நேரம் பாக்கி?"

நான் ஆயுள் காப்புறுதி முகவர். லுக்குட்டில் குடியிருக்கிறேன். போர்டிக்சன், சிலியாவ், சுவா பெத்தோங், லிங்கி என்று மோட்டாரிலேயே சுற்றிப் பாலிசி விற்கிறேன். இந்த வேலைக்கு வர ஒரு பரீட்சை எழுத வேண்டும். முதலீட்டோடு சேர்ந்த பாலிசியை விற்க இன்னொரு பரீட்சை. அதோடு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். முடியாது. ஒவ்வோர் ஆண்டும் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து படித்தேன் என்று கணக்குக் காட்ட வேண்டும். தொடர்கல்வி என்று தமிழில் சொல்லலாம். எங்கள் வாயில் அது 'சிபிடி'. 2015-இல் பேங்க் நெகாரா ஆயுள் காப்புறுதிக்கென்று ஒரு புதிய வரைவைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு எங்களை எடைபோட விற்பனை மட்டும் போதாது என்றாகிவிட்டது. விற்ற பாலிசி நிலைத்து நிற்கிறதா, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதினோமா, புகார் வந்ததா, சிபிடி மணி நேரம் முடிந்ததா, எல்லாமே மதிப்பெண் அட்டையில் ஏறின.

ஆகவே வகுப்புக்குப் போவோம். காலையில் ஒரு கையெழுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கையெழுத்து. இப்போது கையெழுத்துக்குப் பதில் கைப்பேசியில் ஸ்கேன். இடையில் எழுந்து போய் யாராவது ஒருவரிடம் பிரிமியம் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்கள் உண்டு. நானும் போயிருக்கிறேன். பணமோசடித் தடுப்புச் சட்டம் 2001, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று திரையில் ஓடும். பின்வரிசையில் ஒருவர் கறிபாப் தின்றுகொண்டிருப்பார். இன்னொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். கோவிட்டுக்குப் பிறகு பாதி வகுப்பு இணையத்துக்குப் போனது. வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமைக்கலாம் என்பதும் தெரிந்துபோனது.

இப்படி உட்கார்ந்த மணி நேரங்களில் ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

*

நான் பிறந்தது சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்ட பிறகு குலை பொறுக்கப் போனார். தோட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த காப்புறுதி ஒன்றே ஒன்று. மரண சகாய நிதி. மாதாமாதம் சம்பளத்தன்று வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட வேண்டும். யாராவது இறந்தால் பொருளாளர் அன்றைக்கே, பெட்டி வருவதற்கு முன்னாலேயே, தொகையை ஒரு கடித உறையில் போட்டு எடுத்து வருவார். அதில் பாரம் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை. வாசலில் துண்டைத் தோளில் போட்டு நிற்கிற பெரிய ஆம்பளை யாரோ அவர் கையில் கொடுப்பார். மகன் இல்லையென்றால் தம்பி, தம்பியும் இல்லையென்றால் மாமன். அந்தக் காசு 'வீட்டுக்கு' வந்தது என்றுதான் சொல்வார்கள். இறந்தவரின் மனைவி உள்ளே அழுதுகொண்டிருப்பாள். அவள் கையில் உறையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

வாசலுக்கு வந்து காசு கேட்கிறவரை நம்புவது எங்கள் சனத்துக்குப் பழக்கம். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் 10 வெள்ளி கேட்டார். துண்டாடலில் தோட்டங்கள் விலைபோய்க்கொண்டிருந்த நேரம். கூலிக்காரர்கள் கொடுத்தார்கள். அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள். தாத்தா அந்தப் பங்குப் பத்திரத்தைத் தகர டின்னுக்குள் வைத்திருந்தார். நான் பாலிசி விற்க லயங்களுக்குப் போனபோது எனக்குக் கதவு திறந்ததற்கு என் திறமை காரணம் இல்லை. எனக்கு முன்னால் வந்த யாரோ ஏமாற்றாமல் போயிருந்தார்கள். "நம்ம கண்காணி வீட்டுப் பேத்தி" என்று கோப்பி கலக்கிக் கொடுத்தார்கள். எழுதச் சொன்ன இடத்தில் எழுதினார்கள்.

2009-இல் பரீட்சை எழுதினேன். ஆங்கிலப் புத்தகம். அர்த்தம் புரிந்ததோ இல்லையோ, பழைய கேள்விகளை வரிசையாக மனப்பாடம் செய்தேன். எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். முதல் தடவையிலேயே தேறினேன். அம்மா சாமி படத்துக்கு மாலை போட்டார்.

*

என்னிடம் முதல் வருடத்தில் பாலிசி எடுத்தவர்களில் ஒரு அண்ணனும் உண்டு. பெயர் வேண்டாம். எங்கள் லயத்துக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். கொந்தரக்கில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை. அப்போது கல்யாணம் ஆகவில்லை. அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தம்பியும்தான்.

பாரத்தில் நாமினி என்று ஒரு கட்டம் வரும். அந்தக் கட்டத்தை நாங்கள் தமிழில் "பேர் போடுறது" என்போம். "யாரு பேருண்ணே போட?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பேங்க் புக்கும் இல்ல. தம்பி பேரப் போட்டுரு."

போட்டேன். அந்தக் கட்டத்தில் நான் செலவழித்தது அரை நிமிடம் இருக்கும். தொகை 40,000 வெள்ளி.

இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கல்யாணம் ஆனது. நானும் போய்ச் சாப்பிட்டேன். அடுத்தடுத்து இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாலிசி எடுக்கச் சொல்லி இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். பழைய பாலிசியில் பேர் மாற்றலாமா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பேர் மாற்றுவதில் எனக்குக் கமிஷன் இல்லை. அதைவிட உண்மையான காரணம், அது என் நினைவுக்கே வரவில்லை.

2016 மே மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, வேலைக்குப் போகிற வழியில் மோட்டார் விபத்தில் அண்ணன் இறந்துபோனார். கொந்தரக்கு எடுத்தவர் சொக்சோவுக்குக் காசு கட்டியிருக்கவில்லை. ஆக இருந்தது இந்த ஒரு பாலிசிதான். நான் ஓடியாடி வேலை பார்த்தேன். இறப்புப் பத்திரம், போலீஸ் ரிப்போர்ட், ஐசி நகல் எல்லாவற்றையும் நானே சேகரித்துக் கொடுத்தேன். இரண்டு மாதத்திற்குள் காசோலை வந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மால் ஒரு குடும்பத்துக்கு நல்லது நடந்ததே என்று வீட்டில்கூடச் சொன்னேன்.

காசோலை வருவதற்கு முன்னால், கருமாதி அன்றைக்கு, அண்ணி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். கையில் சின்னவன். மூத்தவளுக்கு ஐந்து வயது.

"தங்கச்சி, அந்தக் காசுல எனக்கு ஒன்னும் வராதா?"

நான் சொன்ன பதில் ஒவ்வொரு எழுத்தாக நினைவிருக்கிறது. "அண்ணி, பேரு தம்பி பேர்ல இருக்கு. பேர் போட்டவங்களுக்குத்தான் காசு. சட்டம் அப்படித்தான். தம்பி நல்லவரு, பார்த்துக்குவாரு."

அண்ணி தலையை ஆட்டினார். சட்டம் என்று சொன்னபிறகு அவர் வேறென்ன செய்வார்?

*

2018 அக்டோபர். போர்டிக்சனில் இடைத்தேர்தல். அன்வார் நின்றார். லுக்குட்டிலிருந்து தெலுக் கெமாங் வரைக்கும் சாலையெல்லாம் கொடி. கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் எங்களுக்கு முழுநாள் வகுப்பு. எனக்கு ஆறு மணி நேரம் பாக்கி இருந்தது. அந்த ஒரே காரணத்துக்காகப் போனேன். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தேன்.

பாடம் எடுத்தவர் வயதான சீனர். பாதி ஆங்கிலம், பாதி மலாய். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் சொக்கிக்கொண்டிருந்த நேரம். எழுப்புவதற்காகவோ என்னவோ சத்தமாக ஒரு கேள்வி கேட்டார். "முஸ்லிம் அல்லாத ஒருத்தர். நாமினியாகத் தம்பி பேரைப் போட்டிருக்கிறார். அவர் இறந்துவிட்டார். காசு யாருக்கு?"

அரங்கமே "தம்பிக்கு!" என்றது. நானும் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த மலாய்த் தோழி மட்டும் சிரித்தாள். அவர்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். முஸ்லிம் ஒருவரின் பாலிசியில் நாமினி காசை வாங்கி, உரியவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறவர் மட்டுமே. ஃபராயிட் கணக்குப்படி அது போக வேண்டியவர்களுக்குப் போகும்.

பெரியவர் திரையை மாற்றினார். நிதிச் சேவைகள் சட்டம் 2013, பத்தாவது அட்டவணை. முஸ்லிம் அல்லாதவர் மனைவி அல்லது கணவன் பேரையோ பிள்ளை பேரையோ போட்டால் அங்கே ஒரு அறக்கட்டு உண்டாகிறது. அந்தக் காசு அவர்களுடையது. பேர் போடுகிற நேரத்தில் துணையும் பிள்ளையும் உயிரோடு இல்லாத நிலையில் அப்பா அம்மா பேரைப் போட்டாலும் அப்படித்தான். இவர்களைத் தவிர வேறு யார் பேரைப் போட்டாலும், தம்பியோ அக்காவோ நண்பனோ, அவர் காசைக் கையில் வாங்குகிறார், அவ்வளவுதான். உயில் இருந்தால் உயிலின்படி, இல்லையென்றால் பங்கீட்டுச் சட்டம் 1958-இன்படி உரியவர்களுக்குக் கொடுக்க வேண்டியது அவர் பொறுப்பு. "புதுச் சட்டம் இல்லை. 1996 காப்புறுதிச் சட்டத்திலும் இதேதான். நீங்கள் எல்லாரும் பரீட்சையில் இதை எழுதித்தான் பாஸ் பண்ணியிருக்கிறீர்கள்" என்றார்.

அப்போதுதான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. மனப்பாடம் செய்த வரி ஆங்கிலத்தில் அப்படியே வந்தது. எக்ஸெக்யூட்டர், பெனிஃபிஷியரி. முன்னதுதான் சரியான விடை என்று வட்டத்தைக் கறுப்பாக்கியிருக்கிறேன். அதாவது 2009-லேயே எனக்கு இது தெரியும். ஆங்கிலத்தில் தெரியும். சமையல்கட்டில் அண்ணி தமிழில் கேட்டபோது அது தெரியாமல் போனது. தமிழில் எனக்குத் தெரிந்திருந்தது "பேர் போடுறது" ஒன்றுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டம் இல்லை. துண்டைத் தோளில் போட்டு வாசலில் நிற்கிற ஆம்பளையும் அந்தக் கடித உறையும்தான் இருந்தன. நான் சட்டம் என்று சொன்னது அந்த வாசல் வழக்கத்தை.

இடைவேளையில் கோப்பியை வைத்துக்கொண்டு, ஹோட்டல் கொடுத்த காகிதத்தில் கணக்குப் போட்டேன். உயில் இல்லாமல் இறந்தவருக்கு மனைவி, பிள்ளைகள், பெற்றவர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றவருக்குக் கால். இறந்தவரின் கடன் இருந்தால் அது முதலில் போகும். அண்ணனுக்குக் கடன் இல்லை. 40,000-த்தில் அண்ணிக்கு 10,000. இரண்டு பிள்ளைகளுக்குமாக 20,000. அம்மாவுக்கு 10,000. தம்பிக்கு ஒன்றுமில்லை.

மாலைக் கையெழுத்தைப் போட்டேன். ஆறு மணி நேரம் கணக்கில் ஏறியது. பாக்கி தீர்ந்தது.

*

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான்கு மாதம் போகவில்லை.

என் மேலாளரிடம் மேலோட்டமாகக் கேட்டுப் பார்த்தேன். "கிளெய்ம் முடிஞ்சிருச்சு. கம்பெனி கொடுக்க வேண்டியத நாமினிகிட்ட கொடுத்திருச்சு. அதுக்கப்புறம் அவங்க குடும்பப் பிரச்சன. நீ ஏன் தோண்டுற? புகார் வந்தா ஒனக்குத்தான்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பெனி சரியான ஆளிடம்தான் கொடுத்திருந்தது. தப்பு நடந்தது சமையல்கட்டில், என் வாயிலிருந்து. அதற்கு எந்தப் பாரத்திலும் கட்டம் கிடையாது.

2019 பிப்ரவரியில் போனேன். அண்ணி அப்போது சிலியாவில் அவருடைய அம்மா வீட்டில் இருந்தார். தெலுக் கெமாங் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவரிடம், கால் கழுவக்கூட நேரம் கொடுக்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அப்ப நீ அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணி."

"பரீட்ச எழுதித்தான வேலைக்கு வந்த?"

"ஆமா."

மறுபடி மௌனம். நான் வழக்கறிஞர் பற்றி, சட்ட உதவி பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"காச விடு. அது இருக்காது. மாமியாருக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ். ஏத்திட்டுப் போக வேன் வாங்குனாரு. மிச்சத்த வீட்டுக்கு டிப்பாசிட் கட்டுனாரு. எனக்குத் தெரியும். மாசாமாசம் எனக்கு 200 வெள்ளி குடுக்கறாரு. போன மாசம் வரைக்கும் நிறுத்தல. ஆனா ஒவ்வொரு தடவையும் அவங்க வீட்டு வாசல்ல நின்னு வாங்கணும். அவரு பொஞ்சாதி, 'எங்க காச எடுத்துத்தான் ஒங்களுக்குக் குடுக்கறோம்'னு சொல்லும். நானும் ரெண்டர வருஷமா நன்றி சொல்லிட்டு வர்றேன். நீ போயி அது தர்மம் இல்லன்னு மட்டும் சொல்லு. எனக்கு அது போதும்."

30 மாதம். 6,000 வெள்ளி. முப்பது தடவை நன்றி. அந்த முப்பதும் என் ஒரு வாக்கியத்தால் வந்தவை. பணம் போனதைவிட இதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. பணத்தில் வேன் வந்திருக்கிறது, பாட்டிக்கு வைத்தியம் நடந்திருக்கிறது. ஆனால் தன்னுடையதைத் தானே பிச்சையாக வாங்குகிற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்தியது நான்.

தம்பி வீட்டுக்கும் போனேன். அவர் என்னைவிட இளையவர். நல்ல மனிதர்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. முதலில் சிரித்தார். பிறகு கோபம் வந்தது. "நீங்கதானக்கா சொன்னீங்க, பேர் போட்டவங்களுக்குத்தான் காசுன்னு? எங்கிட்டயும் அதத்தான சொன்னீங்க? இப்ப நான் அண்ணன் பிள்ளைங்க காசத் தின்ன மாதிரி பேசறீங்க."

அவர் சொன்னதும் சரிதான். நான் அவரையும் கெடுத்திருந்தேன். தெரிந்திருந்தால் அவர் வேறு மாதிரி செய்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

கடைசியில் ஒன்று கேட்டார். "நீங்க சொல்றத எழுத்துல குடுங்க. தமிழ்ல. எம் பொஞ்சாதி படிக்கணும்."

*

அன்று இரவு எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆனது. எக்ஸெக்யூட்டர் என்பதற்கு அகராதியில் பார்த்தேன். நிறைவேற்றாளர் என்று இருந்தது. அந்தச் சொல்லை லயத்தில் யாரும் கேட்டதில்லை. பயனாளி என்று போட்டேன். அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். கடைசியில் இப்படி எழுதினேன்: "கையில் வாங்குபவர் வேறு. காசுக்கு உரியவர் வேறு. தம்பி, அக்கா, நண்பர் என்று பேர் போட்டால் அவர் கையில் வாங்குபவர். மனைவி, கணவன், பிள்ளை என்று போட்டால் அவரே உரியவர்." அதற்குக் கீழே பங்குக் கணக்கு. அதற்கும் கீழே, 2016-இல் நான் தவறாகச் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். புகார் கொடுக்க நினைத்தால் அந்தக் காகிதமே போதும். தெரிந்துதான் கொடுத்தேன்.

மூன்று மாதம் தம்பி யாருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. அண்ணி என்னைத் திட்டியிருப்பார், எனக்கு எதிரில் திட்டவில்லை. மே மாதத்திலிருந்து மூத்தவள் பேரில் உள்ள பேங்க் கணக்கில் 200 வெள்ளி விழத் தொடங்கியது. வாசலில் நிற்க வேண்டியதில்லை. மீதி 24,000. மாதம் 200 என்றால் பத்து வருடம். முடியும்போது மூத்தவளுக்குப் பதினெட்டு வயது ஆகும். நடுவில் சில மாதம் விழாமலும் போயிருக்கிறது. கோவிட் காலத்தில் அவருக்கே வேலை இல்லை. புகார் எதுவும் வரவில்லை.

அந்த ஒரு பக்கக் காகிதத்தை இப்போது நகலெடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நாமினி கட்டத்துக்கு வந்ததும் அதை எடுத்துக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுவேன். அரை நிமிட வேலை இப்போது இருபது நிமிடம் ஆகிறது. பழைய வாடிக்கையாளர்களிடம் வருடத்துக்கு ஒருமுறை, "கல்யாணம் ஆச்சா, பிள்ள பொறந்துச்சா, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்கிறேன். இதற்கெல்லாம் சிபிடி கணக்கில் மணி நேரம் சேராது.

போன வருடக் கடைசியில் சிரம்பானில் ஒரு வகுப்பு. வேறு ஆசிரியர், இளைஞர். அதே கேள்வியைக் கேட்டார். அரங்கம் அதே பதிலைச் சொன்னது. "தம்பிக்கு!" அவர் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். நான் கையைத் தூக்கி, ஐந்து நிமிடம் தமிழில் சொல்லலாமா என்று கேட்டேன். நம் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். எழுந்து நின்று சொன்னேன். சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும், "அக்கா, கையில வாங்குறவரு வேறன்னு சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டான்.